பல் விழுவது யார் குற்றம்?

சமீபத்தில் ராஜபாளையத்தில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணத்திற்கு நாம் போயிருந்தோம். புரோகிதர் இல்லை, ஓமப்புகை இல்லை, அம்மி மிதிக்கவுமில்லை, அருந்ததி பார்க்கவுமில்லை. ராகுகாலமா எமகண்டமா என்று ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்காமலேயே காரியம் அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. இவையெல்லாம் நமக்கு மிகுந்த சந்தோஷத்தைக் கொடுத்த விஷயங்களேயாகும். ஆனால் பந்தியில் உட்கார்ந்த பிறகு, பக்கத்திலிருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, மாப்பிள்ளை எந்தப் பக்கம் என்று கேட்டோம். அதற்கு அவர், "எந்தப் பக்கம் என்ன, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் பெண்ணினுடைய சொந்தத் தாய்மாமன்தான். உரிமைப் பெண்ணை அன்னியத்தில் விடலாமா?" என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, இலையில் வைத்த பால்கோவாவைக் கவனிக்கலானார்.

நமக்கு அதற்குமேல் பால்கோவா ருசிக்கவில்லை. பார்ப்பானை வாசலோடு நிறுத்தியாகிவிட்டது, ஜாதகத்தைக் கிழித்தாகிவிட்டது, ஆனால் ஜாதகம் பார்க்கிறவன் எந்த ரத்தத்தை எந்த ரத்தத்தோடு சேர்த்து வைத்தானோ, அதே ரத்தத்தை அதே ரத்தத்தோடு நாமும் சேர்த்துவைத்து, அதற்கு மாலை போட்டு வாழ்த்துரையும் சொல்லிவிட்டு வருகிறோம் என்றால், நாம் நீக்கியது மந்திரத்தையா, மூடத்தனத்தையா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதாகிறது. 1931-ம் வருஷத்தில் விருதுநகரில் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்த சீமையிலேயே இந்தக் கேள்வி பாக்கியிருக்கிறதென்றால், மற்ற இடங்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

அந்தப் பந்தியிலேயே இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது. ஒரு அம்மாள், தன் பேரக் குழந்தைக்கு மேல்பல் முதலில் முளைத்துவிட்டதாகவும், அது தாய்மாமனுக்கு ஆகாது என்பதால் ஏதோ சாந்தி செய்ததாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். நம் நாட்டில் குழந்தையினால் தாய்மாமனுக்கு வரும் ஆபத்துகளுக்குக் கணக்கே கிடையாது. கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது. அதற்கு எண்ணெய்க் கிண்ணத்தில் குழந்தையின் முகத்தை மாமன் பார்க்க வேண்டும். மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது, அதற்கொரு பரிகாரம். இவ்வளவு நுணுக்கமாகக் குழந்தைக்கும் மாமனுக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்த நம் பெரியோர்கள், அந்த மாமனுக்கே அந்தப் பெண் குழந்தையைப் பதினெட்டு வருஷம் கழித்துக் கட்டிக்கொடுப்பதில் மாத்திரம் ஒரு தோஷத்தையும் காணவில்லை! பல் முளைப்பதில் இருக்கிற ஆபத்து பிள்ளை பெறுவதில் இல்லை போலும்.

நிற்க, பல்லைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டபடியால், பல்லும் எலும்பும் சம்பந்தப்பட்ட ஒரு வியாதியைப் பற்றியே இவ்வாரம் எழுதுவதென்று முடிவு செய்தோம். இந்த வியாதிக்கு ஹைப்போபாஸ்பட்டேசியா என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பாதகமில்லை. நம் நாட்டிலும் இந்த நோய் கண்ட குழந்தைகளைப் பற்றி டாக்டர்கள் வைத்தியப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். ஆதலால் இது ஏதோ வெள்ளைக்காரன் சீமை வியாதி என்று தள்ளிவிடுவதற்கில்லை.

கனடா தேசத்து டொரண்டோ நகரத்தில் ராத்பன் என்ற குழந்தை வைத்தியர் ஒருவர், தம்மிடம் வந்த ஒரு கைக்குழந்தையைப் பற்றி 1948-ம் வருஷத்தில் எழுதினார். எலும்புகளெல்லாம் கணை நோயில் மெலிந்ததைப்போல் மெலிந்திருந்தன, வலிப்பும் இருந்தது. கணை நோய் என்றால் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற ஒரு பொருள் வழக்கத்துக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஆனால் இந்தக் குழந்தையின் ரத்தத்தில் அது ஏறுவதற்குப் பதில் அடியோடு இறங்கிக் கிடந்தது. குழந்தை பிழைக்கவில்லை. அந்த டாக்டர், "எல்லாம் ஆண்டவன் சித்தம்" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு போகாமல், எண் ஏன் தலைகீழாக இருக்கிறது என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியினால்தான் இந்த நோய்க்குத் தனியாக ஒரு பெயரே உண்டாயிற்று. அதற்கு இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பே, 1923-ல், லண்டனில் ராபிசன் என்ற ரசாயன ஆராய்ச்சிக்காரர், எலும்பு கெட்டிப்படுவதற்கு இந்தப் பாஸ்பட்டேஸ்தான் துணையாக இருக்கவேண்டுமென்று சொல்லியிருந்தார். ஆக ஒருவர் ஆராய்ந்து வைத்ததை மற்றொருவர் எடுத்துக்கொண்டு மேலே போனார். இதில் எந்த ரிஷிக்கும் ஞானதிருஷ்டியில் ஒன்றும் தெரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இந்தப் பொருள் செய்யும் வேலைதான் என்ன? நம் ஊர்க் கட்டட வேலையைக் கொண்டே இதைச் சொல்லிவிடலாம். செங்கல் வந்து இறங்கியிருக்கிறது, சுண்ணாம்பு குவிந்திருக்கிறது, கொத்தனாரும் கரண்டியோடு நிற்கிறார். ஆனால் சுவர் எழும்ப வேண்டிய இடத்தில் முட்டும் குப்பையுமாகக் கிடந்தால் காரை எப்படிப் பிடிக்கும்? அதை அள்ளிக் கொட்டுவதற்கு ஒரு சித்தாள் வேண்டும். எலும்பிலே அந்தக் குப்பைக்குப் பைரோபாஸ்பேட் என்று பெயர். அள்ளுகிற சித்தாள்தான் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ். இந்த நோயில் சித்தாள் வேலைக்கு வருவதில்லை, அல்லது வந்தும் கையாலாகாதவராயிருக்கிறார். குப்பை மலைபோல் சேருகிறது. சுண்ணாம்புச் சத்து எலும்பில் படிய முடியாமல் ரத்தத்திலேயே அலைகிறது. அப்படிப்பட்ட குழந்தைக்கு, "கால் பலமில்லை" என்று சொல்லிச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும், டி வைட்டமின் மருந்தும் அளவில்லாமல் ஊட்டினால் என்ன ஆகும்? இறக்க இடமில்லாத களத்தில் மேலும் நாலு வண்டிச் சுண்ணாம்பைக் கொட்டியதுபோல் ஆகும். ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, மூத்திரக்காய் கெட்டுப்போகும். கணை நோய்க்கு மருந்தாயிருப்பது இதற்கு விஷமாகிறது. ஆகையால் இரண்டையும் பிரித்தறிவது உயிர் சம்பந்தமான காரியமாகும்.

சித்தாள் முழுவதுமே வராத குழந்தைகள் வயிற்றிலேயே எலும்பு கெட்டிப்படாமல், பிறந்தவுடன் மூச்சுவிட நெஞ்செலும்பு இடங்கொடாமல் இறந்துபோகின்றன. கொஞ்சம் குறைவாயிருக்கும் குழந்தைகள் ஆறு மாதத்துக்குள் பால் குடியாமல் மெலிவதும், வலிப்பு வருவதுமாயிருக்கும். இந்த வலிப்புக்குக் காரணம் பேயுமல்ல, பிசாசுமல்ல. பி-6 என்ற வைட்டமின் மூளைக்குள் போய்ச் சேர வேண்டுமானாலும் இதே சித்தாள்தான் வாசலைத் திறக்க வேண்டும். அதனால் மற்ற வலிப்பு மருந்துக்கு அடங்காத வலிப்பு அந்த வைட்டமினுக்கு அடங்குவதுண்டு. இன்னும் குறைந்த அளவில் நோயுள்ள குழந்தைகள் நடக்கத் தாமதிக்கும், வாத்து நடை நடக்கும், கால் வளையும். நம் ஊரில் இதற்குப் பட்சிதோஷம் என்று பெயர் வைத்து, பறவை நிழல் பட்டதனால் வந்ததென்று மந்திரிக்கிறார்கள். பறவைக்கு நிழலைத் தவிர வேறு தொழிலில்லையா என்று ஒருவரும் கேட்பதில்லை. பெரியவர்களானபின் பாதத்து எலும்பு முறிந்து மாதக்கணக்கில் கூடாமலிருப்பதும் இதனால் வருவதுண்டு. ஆலையில் எட்டு மணிநேரம் நின்று வேலை செய்கிற பெண் தொழிலாளிக்கு இந்தப் பாதவலி வந்தால் வாயு என்று சொல்லித் தைலம் தேய்ப்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. எலும்பு தேய்கிறதென்று சொல்லிக் கொடுக்கிற பிஸ்பாஸ்பனேட் என்ற சில மருந்துகள் இவர்களுக்குக் கெடுதலே செய்யுமென்றும் டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

இவ்வளவிலும் எந்தத் தாயும் தன் கண்ணாலேயே கண்டுகொள்ளக்கூடிய அடையாளம் ஒன்றுண்டு. அதுதான் பல். சாதாரணமாகப் பால்பல் ஆறு வயதுவாக்கில் விழத்தொடங்கும். விழும்போது வேர் கரைந்துபோய், மேலோடுமட்டுந்தான் கையில் வரும். இந்த நோயிலோ இரண்டு மூன்று வயதிலேயே, அய்ந்து வயதுக்குள் எப்படியும், முன்பல் ஆடி, வலியில்லாமல், ரத்தமும் அதிகமில்லாமல், முழு வேரோடு கழன்று விழுந்துவிடும். வேரைத் தாடையோடு பிடித்துவைக்கும் காரை அந்தப் பல்லில் படிந்திருக்காது. அந்தப் பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் நீண்ட வேர் தெரியும். அதுவே சாட்சி.

அந்தச் சாட்சியை நாம் என்ன செய்கிறோம்? சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிகிறோம்! வீட்டுக் கூரையில் எறிந்தால் நல்ல பல் முளைக்குமாம். போலீஸ்காரன் கொலைக் கத்தியை எடுத்துக் கிணற்றில் போட்டுவிட்டுக் கொலைகாரனைத் தேடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அதன்பிறகு கால் வளைந்தபோது வெள்ளித் தகட்டில் ஒரு கால் செய்து கோயில் உண்டியலில் போடுகிறோம். ராஜபாளையத்திற்குப் பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணி ஊர் ஊராய், தேசம் தேசமாய் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் முறிந்த எலும்பையெல்லாம் கட்டுகிறது. அதை நெய்கிற சீமையில் முறிந்த எலும்புக்கு உண்டியல்தான் வைத்தியம் என்றால், நெய்கிறவனுடைய கைக்கு இருக்கிற அறிவு நம் தலைக்கு இல்லையென்றுதானே அர்த்தம்?

இதைக் கண்டுபிடிப்பதற்கு அமெரிக்கா போகவேண்டியதில்லை. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பரிசோதனை சாதாரணமாக எல்லா ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் செய்யப்படுவது. மஞ்சள் காமாலைக்கு ஈரலைப் பார்க்கிறபோதெல்லாம் கூடவே பார்க்கப்படுவது. அப்படியிருந்தும் ஏன் தவறிப்போகிறதென்றால், இந்த எண் ஏறியிருந்தால் கவனிக்கிறார்கள். இறங்கியிருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். அதைவிட மோசம், காகிதத்தில் அச்சடித்திருக்கும் அளவு அனேகமாகப் பெரியவர்களுடைய அளவு. வளரும் குழந்தைக்கு எலும்பு வேலை மும்முரமாக நடப்பதால் பெரியவரைவிட அதிகமாகவே இந்த எண் இருக்கவேண்டும். பெரியவருக்குச் சரியென்று போட்டிருக்கும் எண் மூன்று வயதுக் குழந்தைக்குக் குறைவாயிருக்கும். ஆகவே பெற்றோர்கள் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்ளாமல், "இது குழந்தைக்குரிய அளவா?" என்று டாக்டரைத் தைரியமாகக் கேட்க வேண்டும். கேட்டால் டாக்டர் கோபிப்பாரே என்று நினைக்கலாம். கோபித்தால் கோபிக்கட்டும். சாமியாரைக் கேள்வி கேட்கக்கூடாதென்று இத்தனை காலம் சொல்லிவைத்தார்கள். இனி டாக்டரையும் கேட்கக்கூடாதென்றால் நாம் எதற்காகப் பள்ளிக்கூடம் வைத்தோம்?

இனி இது ஏன் வருகிறது என்று பார்ப்போம். மனிதன் உடம்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டளைச் சீட்டு இருக்கிறது. அதில் தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் குழந்தைக்கு வருகின்றன. சித்தாளை உண்டாக்கும் சீட்டு ஒன்றாவது நம்பர் குரோமசோமில் இருக்கிறது. ஒரு பிரதி பிழையாயிருந்தாலும் மற்றொன்று சரியாயிருந்தால் பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். சில குடும்பங்களில் ஒரே பிரதியின் பிழையாலும் லேசான நோய் வருவதுண்டு. ஆனால் உயிருக்கு உலைவைக்கும் கடுமையான நோய், இரண்டு பிரதியும் பிழையானால் வருவது. அப்படியானால் தாயிடமும் ஒரு பிழை, தகப்பனிடமும் ஒரு பிழை இருந்தாக வேண்டும். இரண்டு பேரும் பார்வைக்குத் திடகாத்திரமாகவே இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. மூத்தது நோயுடன் பிறந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு தடவையும் அதே நாலில் ஒன்றுதான்.

இந்த இடத்தில் நம் வீடுகளில் நடக்கும் ஒரு அயோக்கியத்தனத்தைச் சொல்லாமல் போக நமக்கு மனம் வரவில்லை. குழந்தை நோயுடன் பிறந்தால் பழி யார்மேல்? பெண்மேல். கிரகணத்தன்று வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள், அவள் வயிறு சரியில்லை, அவள் ஜாதகம் சரியில்லை. மாமனே புருஷனாகவும் பாட்டியே மாமியாராகவும் இருக்கிற வீட்டில்கூட இந்தப் பேச்சுக்குக் குறைவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போய்ச்சேர தாய்வீடு என்று தனியாக ஒன்றும் இல்லாததால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிறகு அவளைத் தள்ளிவைத்துவிட்டு மகனுக்கு வேறு பெண் தேடுகிறார்கள். அதையும் சொந்தத்திலேயே தேடுகிறார்கள்! புருஷனிடமிருந்து ஒரு பிழை வராமல் அந்தக் கடுமையான நோய் வந்திருக்க முடியாது என்று விஞ்ஞானம் அடித்துச் சொல்லுகிறது. எந்த மாமியாராவது இதுவரை மகனைப் பார்த்து, "உன் வித்து சரியில்லை" என்று சொன்னதுண்டா?

சொந்தத்தில் கட்டினால் ஆபத்து ஏன் கூடுகிறது என்பதைக் குழந்தையும் புரிந்துகொள்ளும். தாத்தாவிடம் ஒரு பிழை இருந்தால் அது மகளுக்கும் வரலாம், மகனுக்கும் வரலாம். மகள் மூலம் பேத்திக்கு வரும். பிறகு அந்தப் பேத்தியை அந்த மகனுக்கே கட்டினால், ஒரே பிழை இரண்டு வழியாக நடந்து ஒரே தொட்டிலில் வந்து சந்திக்கிறது. கனடாவில் கடுமையான நோய் லட்சம் பிறப்புக்கு ஒன்று என்று 1957-ல் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டு பார்த்தால், மாமன் மருமகள் கலியாணத்தில் அது சுமார் 2,500-க்கு ஒன்றாகிறது. அதாவது நாற்பது மடங்கு. அத்தை மகள், மாமன் மகள் கலியாணத்தில் சுமார் இருபது மடங்கு. இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்துவது நமது நோக்கமல்ல. 2,500-ல் 2,499 பேர் இந்த நோயில்லாமல்தான் பிறப்பார்கள். சொந்தத்தில் கட்டிய அனேகருக்கு நல்ல பிள்ளைகள் இருக்கிறார்களே என்று நம்மிடம் சண்டைக்கு வருகிறவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் இந்த ஒரு நோய்க்குத்தான் இந்தக் கணக்கு. இப்படியே இரட்டைப் பிழையால் வரும் நோய்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சொந்தத்தில் கட்டினால் ஆபத்து பெருகவே செய்யும். 2019–21-ம் வருஷத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுக் கலியாணங்களில் நூற்றுக்குக் கால் பங்குக்கு மேல் ரத்த சொந்தத்திலேயே நடந்தவை என்று வந்திருக்கிறது. இந்தியாவிலேயே முதலிடம் நமக்கு! படிப்பிலும் தொழிலிலும் முன்னணி என்று மார்தட்டிக்கொள்ளும் நாம் இதிலும் முன்னணிதான்.

ராஜபாளையத்து நாயைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. 2005-ல் தபால் தலையில்கூடப் போட்ட நாய். வெள்ளை வெளேரென்ற நிறத்துக்காகவே அதைத் தேடிப்பிடித்து, நெருங்கிய வர்க்கத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்ததில் செவிட்டுக் குட்டிகள் அதிகம் பிறப்பது நாய் வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் இப்போது விஷயம் தெரிந்தவர்கள் குட்டி வாங்கும்போது கையைத் தட்டிப் பார்க்கிறார்கள். இனம் சேர்க்கும்போது தூரத்து நாயாகத் தேடுகிறார்கள். நாயைச் சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாய் விஷயத்தில் நமக்கு இருக்கிற யோசனை பிள்ளை விஷயத்தில் இருக்கக்கூடாதா என்பதுதான் நமது கேள்வி.

இன்னும் ஒன்று. மாமனையும் அத்தையையும் விட்டுவிட்டுத் தூரத்தில் கட்டினால் மாத்திரம் போதுமா? கனடாவிலே மானிடோபா என்ற மாகாணத்தில் மென்னோனைட்டுகள் என்று ஒரு கிறிஸ்தவ வகுப்பார் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வகுப்புக்குள்ளேயே கலியாணம் செய்துகொண்டு வந்தவர்கள். அவர்களில் இருபத்தைந்து பேரில் ஒருவர் இந்தப் பிழையைச் சுமக்கிறார். 2,500 குழந்தைக்கு ஒன்று கடுமையான நோயுடன் பிறக்கிறது. வெளியார் கணக்கைப்போல் நாற்பது மடங்கு! அவர்களுக்குள் மாமன் மருமகள் கலியாணம் கிடையாது. சிறு கூட்டமாக வேலி போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்ததுதான் காரணம். நம் நாட்டில் அந்த வேலிக்குத்தான் சாதி என்று பெயர். அய்தராபாத்தைச் சேர்ந்த தங்கராஜ் முதலிய ஆராய்ச்சிக்காரர்கள் 2017-ல் தெற்காசியாவிலுள்ள 263 வகுப்புகளின் ரத்தத்தை ஆராய்ந்து வெளியிட்டதில், 81 வகுப்புகள், அய்ரோப்பாவில் இந்த விஷயத்துக்குப் பேர்போன பின்லாந்துக்காரர், யூதர் ஆகியவர்களைவிட அதிகமாக ஒரே சில மூதாதைகளின் ரத்தத்தில் அடைபட்டிருக்கின்றன என்று கண்டார்கள். மேல்சாதி, கீழ்ச்சாதி எல்லாம் இந்தக் கணக்கில் ஒன்றுதான். சாதி சுத்தம், ரத்த சுத்தம் என்று மீசையை முறுக்குகிறவர்கள், அந்தச் சுத்தத்தில் என்ன தேங்கியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வது நல்லது.

ஜாதகக்காரர் பத்துப் பொருத்தம் பார்க்கிறார், கோத்திரம் பார்க்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ரிஷி ஒருவரே இருவருக்கும் மூலபுருஷர் என்றால் அண்ணன் தங்கையாகிவிடுமாம், கூடாதாம். ஆனால் நேற்றுவரை மடியில் தூக்கி வளர்த்த அக்காள் மகளைக் கட்டலாமாம். 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டமும் மாமன் மருமகள் கலியாணம் கூடாதென்று சொல்லிவிட்டு, "வழக்கமிருந்தால் செய்துகொள்ளலாம்" என்று பின்வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. வழக்கத்தைத் தடுப்பதற்காகத்தான் சட்டமென்றால், வழக்கமிருந்தால் செல்லாது என்கிற சட்டத்தினால் யாருக்கு என்ன பிரயோஜனம்? புரோகிதனில்லாத நம் கலியாணங்கள் சட்டப்படி செல்லும் என்று 1967-ம் வருஷத்தில் திருத்தம் வாங்கினோமே, அது பெரிய வெற்றி. ஆனால் அந்த மேடையில் யாருக்கு யார் மாலை போடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டியது சர்க்காரின் வேலையல்ல, நம் வேலை.

இந்த நோய்க்கு இப்போது மருந்தும் வந்துவிட்டது. 2015-ம் வருஷத்தில் ஜப்பானிலும் அய்ரோப்பாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் அஸ்போடேஸ் ஆல்பா என்ற மருந்தை அனுமதித்தார்கள். வராத சித்தாளுக்குப் பதில் சித்தாளை வெளியிலேயே தயார் செய்து, எலும்பைப் போய்ப் பற்றிக்கொள்ளும்படி அதற்கொரு வாலும் வைத்து, வாரத்துக்கு மூன்று அல்லது ஆறு தடவை ஊசி மூலம் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். முன்பு, கடுமையான நோயுடன் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 27 மட்டுமே அய்ந்து வயதைப் பார்த்தன. இந்த மருந்து பெற்றவர்களில் 84. கரைந்த எலும்பு மறுபடியும் படத்தில் வெள்ளையாய்த் தெரிகிறதைப் பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். பிரார்த்தனையால் வளர்ந்த எலும்பின் படம் எதையாவது யாராவது காட்டினால் நாமும் பார்க்கத் தயார்.

ஆனால் விலை? வருஷத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாய். குழந்தை வளர வளர மருந்தின் அளவும் விலையும் கூடவே வளரும். இந்திய சர்க்கார் 2021-ல் அபூர்வ நோய்களுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டு அதில் நோய்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். அதில் ஹைப்போபாஸ்பட்டேசியாவின் பெயர் மூன்றாவது வகுப்பில், மருந்து உண்டு ஆனால் விலை மிக அதிகம் என்ற பட்டியலில் இருக்கிறது. முதலில் அந்த வகுப்பாருக்குக் கஜானாவிலிருந்து காசில்லை. பொதுஜனங்களிடம் நன்கொடை வசூலிக்க ஒரு வழி செய்தார்கள். அதாவது கோயிலில் ஒரு உண்டியல், டில்லியில் ஒரு உண்டியல்! பிறகு 2022-ல் எந்த வகுப்பாயிருந்தாலும் ஒருவருக்கு அய்ம்பது லட்சம் ரூபாய் வரை என்று திருத்தினார்கள். இது முன்னேற்றந்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆயுள் முழுவதும் வேண்டிய மருந்துக்கு அய்ம்பது லட்சம் என்பது சில மாதத்துக்கு வரும், அப்புறம்? ஊசி நிறுத்தப்பட்ட எலும்பு, கொள்கையைப் படித்துப் பார்த்துவிட்டுக் கெட்டியாக இருந்துகொள்ளுமா? மருந்துக்கு உரிமை வைத்திருக்கிற ஒரு கம்பெனி வைத்ததே விலை என்றிருக்கிற வரையில், அதனோடு விலைபேசும் பலம் தனிக் குடும்பத்துக்கு இல்லை; சர்க்காருக்குத்தான் உண்டு. ராஜபாளையத்து ஆலைத் தொழிலாளி தன் வாழ்நாள் சம்பளத்தையெல்லாம் சேர்த்தாலும் ஒரு வருஷத்து மருந்தை வாங்க முடியாது. சர்வ வல்லமையுள்ள கடவுள் ஒரு சித்தாளை அனுப்ப மறந்ததற்கு இந்தத் தொழிலாளி என்ன பாவம் செய்தான் என்று கேட்டால், பூர்வஜன்மம் என்று பதில் வரும். அந்தப் பதில் சர்க்காருக்கும் கம்பெனிக்கும் கடவுளுக்கும் மூவருக்குமே சவுகரியமானது.

மருந்து கிடைக்கிறவரை செய்யக்கூடியது ஒன்றுமில்லையா என்றால், அதுவும் தப்பு. பல்லுக்குப் பல் வைத்தியம், எலும்புக்கு எலும்பு வைத்தியம், வலிப்புக்கு பி-6, வீணான சுண்ணாம்பையும் டி வைட்டமினையும் தவிர்ப்பது, தசைக்குப் பயிற்சி, பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையை நொண்டி என்று கூப்பிடாமலிருப்பது ஆகிய இவையெல்லாம் கோடி ரூபாய் கேட்கிற காரியங்களல்ல.

பந்தி முடிந்து கைகழுவும்போது அந்தப் பெரியவரிடம் இவைகளில் கொஞ்சத்தைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "நீங்கள் சொல்வது சரி, ஆனால் தாலி ஏறிவிட்டதே, இனி என்ன செய்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கட்டிக்கொண்டவர்கள் பிரிய வேண்டியதில்லை. பிள்ளை பெறக்கூடாது என்பதுமில்லை. குடும்பத்தில் இரண்டு தலைமுறையில் சிறுவயதில் பல் விழுந்தவர், காரணமில்லாமல் எலும்பு முறிந்தவர், கைக்குழந்தையிலேயே இறந்தவர் யார் யார் என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதவேண்டும். வெட்கப்பட்டு ஒருவரையும் மறைக்கக்கூடாது. அதை எடுத்துக்கொண்டு, பரம்பரை நோய்களைப் பார்க்கும் டாக்டரிடம் புருஷன் பெண்சாதி இருவரும் சேர்ந்தே போகவேண்டும், பெண்ணை மட்டும் அனுப்பக்கூடாது. முன்பே நோயுள்ள குழந்தை பிறந்த குடும்பமானால், பிழை இன்னதென்று தெரிந்தபிறகு, இருவர் ரத்தத்திலும் அதைத் தேடலாம். கர்ப்பத்தின் மூன்றாவது மாதத்திலேயே சிசுவுக்கு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். வயிற்றில் எலும்பு வளைந்து தெரிந்த எல்லாக் குழந்தையும் இறப்பதில்லை; பிறந்தபின் தானாகவே நேராகிற லேசான வகையும் இருப்பதால், ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டு முடிவு செய்யவும் கூடாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர், தம் மகன் வீட்டுப் பையனுக்கு நாலு வயதாகவில்லை, ஒரு பல் ஆடுகிறது என்றார். நாலு வயதுப் பிள்ளைக்கு விழுந்து அடிபட்டும் பல் ஆடும், சொத்தையினாலும் ஆடும். ஆடுகிறதெல்லாம் இந்த நோயல்ல. ஆகையால் பயப்பட வேண்டாமென்றும், ஆனால் அந்தப் பல் விழுந்தால் கூரைமேல் எறியாமல் ஒரு சுத்தமான துணியில் முடிந்து, பையனோடு பல் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய், வேர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவேண்டுமென்றும் சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்துவிட்டபடியால் ஏறி வந்துவிட்டோம்.